மாத்திரை இல்லாத வீடு

அம்புஜத்துக்கு முட்டி வலி கிடையாது. ஐம்பதைத் தாண்டிய வயசுக்கு அவளுடைய முட்டிகள் இரண்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. ஆனாலும் விசேஷ வீடுகளில் படியேறும்போது அவள் ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடக்க வேண்டும். காரமடைக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்புக்குள் இருக்கும் போதை மீட்பு மையத்தில் அவள் கிடந்த காலத்தில், சொந்தபந்தங்களுக்கெல்லாம் 'முட்டி வலிக்குக் கேரளாவில் எண்ணெய் வைத்தியம்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். எந்தக் கால் என்று முடிவு செய்யாமல் சொன்ன பொய் அது. ஒரு கல்யாணத்தில் இடது காலை இழுப்பாள், அடுத்த வளைகாப்பில் வலது காலை இழுப்பாள். மகள் ஹாரிகா பக்கத்தில் நின்று இடுப்பில் கிள்ளுவாள்.

குடிகாரன் குடியை விட்டுவிட்டான் என்றால் ஊர் நாலு நாள் கேலி பேசும், பிறகு கூப்பிட்டு வைத்து டீ வாங்கிக் கொடுக்கும். ஒரு குடும்பப் பெண் தூக்க மாத்திரைக்கு அடிமையாகிப் போனாள் என்றால் ஊருக்கு அது என்னவென்றே புரியாது. 'மூளைக் கோளாறு' என்று ஒரே போடாகப் போட்டுவிடும். அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்ட வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். ஹாரிகாவுக்குப் போத்தனூரில் மாப்பிள்ளை பேசி, நிச்சயமும் முடிந்து, ஆவணியில் முகூர்த்தம் என்று முடிவாகியிருந்தது. ஆகவே அம்புஜத்துக்கு முட்டி வலி.

ஆரம்பம் சாதாரணமானது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு தூக்கம் வரவில்லை என்றாள், டாக்டர் அரை மாத்திரை எழுதினார். அவர் எழுதியது கொஞ்ச நாளைக்கு. இவள் விழுங்கியது வருஷக்கணக்கில். அரை ஒன்றாகி, ஒன்று கைப்பிடியானது. பழைய சீட்டைக் காட்டி கணபதியில் ஒரு கடை, காந்திபுரத்தில் ஒரு கடை, சீட்டே கேட்காத இன்னொரு கடை என்று பஸ் ஏறிப் போய் வாங்கினாள். பெற்ற தாய் செத்த எழவு வீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள், வாய்க்கரிசி போட்டாள், கதறவும் செய்தாளாம். மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஒரு துளிகூட ஞாபகமில்லை. தாயின் கடைசி முகத்தை அவள் பார்த்தாள், ஆனால் அது அவளிடம் இல்லை. மையத்தில் கை கால் உதறி, வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தபோதுகூட அவள் அதற்காக அழவில்லை. தெளிந்து உட்கார்ந்த பிறகு அம்மாவின் முகத்துக்காகத்தான் அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆலோசகர் ஹுமேரா, அம்புஜத்தின் கணவர் லட்சுமணசாமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "உங்க ஊட்ல எந்த மாத்திரையும் அம்மா கைக்கு எட்டற மாதிரி இருக்கக் கூடாதுங்க சார். ஒரே ஒரு தடவன்னுதான் தோணும். அந்த ஒரு தடவைலதான் எல்லாமே போயிருமுங்க."

லட்சுமணசாமி கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். வரைபடத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதே அளவுக்குக் கடைசல் பிடித்துப் பழகிய மனுஷன். 'எந்த மாத்திரையும்' என்றால் எந்த மாத்திரையும்தான். தூக்க மாத்திரை என்று அந்தப் பெண் சொல்லவில்லையே. வீட்டிலிருந்த தலைவலி மாத்திரை, இருமல் மருந்து, தன்னுடைய சர்க்கரை மாத்திரை, நெஞ்சுக்கான மாத்திரை எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு போய், அடுத்த தெருவிலிருக்கும் பட்டறையில், கருவிகள் வைக்கும் இரும்பு அலமாரிக்குள் போட்டுப் பூட்டினார். அதன் சாவியைப் பட்டறைச் சாவியோடு சேர்த்து அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். சாப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய் மாத்திரை போட்டுவிட்டு வருவார். மழை பெய்தால் குடை.

"தலவலிக்கு ஒரு மாத்திர வேணும்னாக்கூட பட்டறைக்குப் போகோணுமாப்பா?" என்று ஹாரிகா சிடுசிடுப்பாள்.

"நடந்தா தலவலி போயிரும் அம்மணி," என்பார் அவர்.

அம்புஜத்துக்கு இது பெருமையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் அவளுக்கு ஆசையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது வேளை தவறாமல் அவளுக்காகத் தெருவைக் கடந்து நடந்தார். நெஞ்சு வலித்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளும்படி அவருடைய டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் சட்டை வீட்டில்தானே தொங்கும்? சட்டைப் பைகளைத் துழாவிய பழக்கம் உள்ளவள்தானே இவள்? அதனால் அதுவும் அலமாரிக்குள் போயிருந்தது. அது தப்பு என்று மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை தின்றுகொண்டிருந்தவர் கையிலிருந்த துண்டைத் தட்டிலேயே போட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இடுப்பைக் காட்டினார். வேர்வை ஊற்றியது. அம்புஜம் அரைஞாணிலிருந்து சாவிகளைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். முந்தானை அவிழ, வெறுங்காலோடு, அடுத்த தெருவரை. பட்டறைக் கதவின் பூட்டு ஒன்று, அலமாரிப் பூட்டு ஒன்று. அவசரத்தில் சாவி துளைக்குள் போகாமல் வழுக்கியது. டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது ஹாரிகா அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும் அந்த மாத்திரை கரையாமல் அப்படியே இருந்தது.

"முன்னாடியே வெச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்கம்மா, அட்டாக் அப்படி," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இப்படிச் சொல்வதும் அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான் என்று அம்புஜம் நினைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் தெருவில் பந்தல் போட்டாகிவிட்டது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் லட்சுமணசாமி படுத்திருந்தார். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. போத்தனூரிலிருந்து சம்பந்தியம்மா பங்காரம்மா, மாப்பிள்ளையாக வரப்போகிற தன் மகன் சைதன்யாவோடு வந்து இறங்கியதும் வீட்டின் பாரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நல்ல மனுஷி, அதைச் சொல்லியாக வேண்டும். வந்தவர்களுக்குப் பாய் விரித்தாள், அழுது மயங்கிய பெண்களுக்கு மோர் கொடுத்தாள். "காரியம் முடியற வரைக்கும் சாப்பாடு எங்க ஊட்லருந்து வந்துருமுங்க. இந்த ஊட்ல அடுப்புப் பத்த வெக்கோணும்னு யாரும் நெனைக்காதீங்க," என்று பக்கத்து வீட்டு ராசாத்தாளிடம் சொன்னாள். துக்க வீட்டுக்குச் சம்பந்தி வீடு சோறு போடுவது முறைதான். கல்யாணம் முடியும் முன்பே அந்த முறையை அவள் எடுத்துக்கொண்டதைக் கேட்ட பெண்கள், ஹாரிகா கொடுத்து வைத்தவள் என்று கண்ணைத் துடைத்தபடியே பேசிக்கொண்டார்கள்.

அம்புஜம் அழவில்லை. கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியை அதில் மோதிக்கொண்டிருந்தாள். "சாவி போட்டுப் பூட்டியிருக்கக் கூடாதுங்க... சட்டப் பைலயே வெச்சிருந்திருக்கோணும்..." என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சாவி, எந்தச் சட்டை என்று யாருக்கும் விளங்கவில்லை. ஹாரிகாவுக்கு மட்டும் விளங்கியது. அவள் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள்.

"இப்படியே உட்டா இவங்களும் சேந்து போயிருவாங்க," என்றாள் பங்காரம்மா. "கண்ணு சைதன்யா, தெரு முக்குல கிளினிக் இருக்குது பாரு. டாக்டரக் கூட்டிட்டு வா. ஒரு ஊசி போட்டுத் தூங்க வெக்கலாம்."

எழவு வீடுகளில் இது வழக்கமாகிவிட்டது. செத்தவனுக்குப் பெட்டி, பெண்டாட்டிக்கு ஊசி. யார் அதிகமாகக் கதறுகிறார்களோ அவர்களுக்கு முதல் ஊசி. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. அடுத்தவர் அழுவதைப் பார்க்கப் பொறுக்காத மனசுதான் டாக்டரைக் கூப்பிடுகிறது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஸ்கூட்டரை விட்டு இறங்கி, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வந்து அம்புஜத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நாடி பார்த்தார். பையைத் திறந்து முதலில் ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, "முழிச்சப்புறம் தேவப்பட்டா ஒண்ணு குடுங்க," என்று பங்காரம்மா கையில் கொடுத்தார். பிறகு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து அதன் கழுத்தைத் தட்டி உடைத்தார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்புஜத்தின் முனகல் நின்றது. வாயில் எச்சில் ஊறியது. கை தானாகவே ரவிக்கைக் கையை மேலே சுருட்டி விட்டது. அவளுக்கு அது வேண்டும். பொய் சொல்வானேன், அந்த நேரத்தில் புருஷனைவிட அதுதான் வேண்டும் என்றிருந்தது. ஊசி உள்ளே போனால் சாவி இல்லை, பூட்டு இல்லை, கரையாத மாத்திரை இல்லை. எல்லாம் பஞ்சாகிவிடும்.

டாக்டர் பஞ்சால் கையைத் துடைத்தார். அந்தக் குளிர்ச்சி பட்டதும் அம்புஜம் விழித்துக்கொண்டாள். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். நாலு மணிக்கு இரண்டு பேர் அவளைத் தூக்கிப் பிடித்து நிறுத்துவார்கள், கையில் அரிசியைக் கொடுப்பார்கள், அவள் போடுவாள். நாளைக்கு யாராவது சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அம்மா போன மாதிரியே இவரும் போய்விடுவார். இத்தனை நாள் செருப்பு மாட்டி நடந்து, கடைசியில் உயிரையும் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிற மனுஷனுக்கு அவள் செய்யும் மரியாதை அதுவாகத்தான் இருக்கும்.

"வேண்டாமுங்க," என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு ஊசிதானுங்க சம்பந்தியம்மா. எறும்பு கடிக்கற மாதிரிதான்," என்றாள் பங்காரம்மா. யாரோ தோளைப் பிடித்தார்கள். யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். "புடிங்க புடிங்க, தலைய மோதிக்கப் போறாங்க," என்றாள் ராசாத்தாள்.

"வேண்டாமுங்க, எனக்கு ஆகாதுங்க, உடுங்க!"

சத்தம் கேட்டு ஹாரிகா உள்ளறையிலிருந்து வந்தாள். அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள். மையத்தில் வலிப்பு வந்து கிடந்த அம்மாவை இரண்டு முறை போய்ப் பார்த்தவள் அவள். கடித்த நாக்குக்குப் பஞ்சு வைத்தவள். 'எங்கம்மாவுக்கு இது ஆகாதுங்க' என்று இவள் சொல்லிவிடுவாள் என்று அம்புஜம் நம்பினாள். ஹாரிகா காதோடு வாயை வைத்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"போட்டுக்கோம்மா. ஒரே ஒரு ஊசிதான? பெருசு பண்ணாத. அவங்க பாத்துட்டே இருக்கறாங்க."

அம்புஜம் மகளின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய, பயந்த முகம். அப்பா போய்விட்டார், இருப்பதில் பாதியையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது பிள்ளை. கோபம் வரவில்லை. அவள் தலையை நிமிர்த்தி டாக்டரைப் பார்த்து, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஏனுங்க டாக்டர், எனக்கு முட்டி வலியே கெடையாதுங்க."

டாக்டர் விழித்தார்.

"நான் கேரளாவுக்கும் போகலீங்க. தூக்க மாத்திர தின்னு தின்னு அது இல்லாம இருக்க முடியாமப் போயி, காரமடப் பக்கம் மையத்துல கெடந்துட்டு வந்தவ நான். இந்த ஊசிய இப்பப் போட்டீங்கன்னா மறுபடியும் அதுக்குள்ளதான் போயி உழுவேன். எங்கம்மா செத்தது எனக்கு ஞாபகமில்லீங்க. இவரையாச்சும் நான் கண்ணு முழிச்சு அனுப்போணும். என்னை உட்டுருங்க."

பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. டாக்டர் ஊசியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சொன்னது நல்லதுங்கம்மா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். பங்காரம்மா மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். ஹாரிகா மட்டும் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்பாவைக் கொன்றவளைப் பார்க்கிற பார்வை அது. அம்புஜமும் மறுக்கவில்லை.

நாலு மணிக்கு வாய்க்கரிசி போட அவளை யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. தானாக எழுந்து போனாள். அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தாள். மீசையின் இடது ஓரம் வலதைவிடக் கொஞ்சம் நரைத்திருந்தது. நகக்கண்ணில் பட்டறை எண்ணெய் கறுப்பாக இருந்தது, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. அரிசி அவர் உதட்டில் விழுந்ததை அவள் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடிவயிற்றிலிருந்து, ஆடு கத்துகிற மாதிரி ஒரு கத்தல். வலி அப்படியே முழுசாக இருந்தது. மழுங்காமல், பஞ்சாகாமல், தாங்கவே முடியாததாக இருந்தது. இதைத் தாங்க முடியாமல்தானே எல்லாரும் ஊசி போடுகிறார்கள் என்று நினைத்தாள். கடைசியாக வண்டி தெருமுனை திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டைக் கழுவி விட்டு, பெண்கள் தலைமுழுகி முடித்தபோது பங்காரம்மா ராசாத்தாளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். அம்புஜம் ஈரத்தலையோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. சாப்பாட்டுக்கு வேற யாருக்காச்சும் சொல்லிக்கோங்க. எங்களுக்கு ஊட்ல கொஞ்சம் சோலி இருக்குதுங்க," என்றாள்.

அவ்வளவுதான். மருமகளாக வர இருந்தவளின் அப்பா செத்த அன்றைக்கு என்ன சோலி என்று ராசாத்தாள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. சோறு நின்றால் சம்பந்தம் நின்றது. ஒரு கடுஞ்சொல் இல்லாமல், வார்த்தைக்கு ஒரு 'ங்க' போட்டு, மரியாதை கெடாமல் ஒரு கல்யாணத்தை முறித்துவிட எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களால் முடியும். எழவு வீட்டில் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது என்பதும் தோதாகப் போயிற்று. பங்காரம்மா உள்ளறைக்குப் போய்ச் சற்று நேரம் ஹாரிகாவோடு இருந்துவிட்டு, அம்புஜத்தின் முகத்தைப் பார்க்காமல் மகனைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

அம்புஜம் உள்ளறைக்குப் போனாள். மகளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. காலில் விழலாமா என்றுகூட நினைத்தாள். ஹாரிகா ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஓயாமல் அழுத பெண் இத்தனை சீக்கிரம் இப்படித் தூங்குவாளா? தலைமாட்டில் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர். பக்கத்தில் டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை. ஒரு குழி உடைந்து காலியாக இருந்தது.

பெண் எடுக்கத்தான் பங்காரம்மாவுக்கு மனசு வரவில்லை. பெண் அழுவதைப் பார்க்கவும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நீயாவது போட்டுக்கொள் அம்மணி என்று தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அம்புஜம் அட்டையைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் தானாகவே அடுத்த குழியின் மேல் போய் உட்கார்ந்தது. அறையில் யாருமில்லை. காவல் காத்தவர் சுடுகாட்டில் இருந்தார். இனி எதற்காக? அவர் போயாயிற்று, கல்யாணம் போயாயிற்று, மகள் வெறுத்தாயிற்று. பார்க்க வேண்டிய முகத்தையும் பார்த்தாயிற்று. இனி ஒன்றே ஒன்று போட்டுக்கொண்டு மகள் பக்கத்தில் படுத்தால் யார் கேட்பார்கள்? கட்டைவிரல் அழுத்தியது. வெள்ளித்தாள் சற்றே உப்பியது.

ஹாரிகா தூக்கத்தில் பெருமூச்சு விட்டாள். சுகமான மூச்சு. அதைக் கேட்டதும் அம்புஜம் வெடுக்கென்று விரலை எடுத்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

"ராசாத்தாக்கா, இத எடுத்துட்டுப் போயிருங்க. இப்பவே போயிருங்க. எங்க போட்டீங்கன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் வந்து கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதீங்க."

கூடத்தில் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ராசாத்தாள் அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். அவள் வாசலைத் தாண்டும் வரை அம்புஜம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உள்ளே வந்து மகளைத் தூக்கி உட்கார வைத்தாள். டம்ளரில் இருந்த தண்ணீரை முகத்தில் அடித்தாள்.

"எந்திரி கண்ணு. எந்திரிச்சு அழு. என்னைத் திட்டு. ரெண்டு அடி வேணும்னாலும் அடி. தூங்காத."

ஹாரிகாவின் கண்கள் பாதி திறந்தன. அம்மாவை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். பல நாளாக அம்மாவைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. கோபமே இல்லை, துக்கமே இல்லை.

"உடும்மா," என்றாள் குழறலாக. "நல்லாருக்குதும்மா. அப்பா போனதே தெரியல."

சொல்லிவிட்டு அம்மாவின் தோளிலேயே சாய்ந்தாள். அம்புஜம் அவளை உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தச் சிரிப்பு போகவில்லை. அவள் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த மயக்கம் தெளிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.